160 ஏக்கர் இலவசமா, தண்டவாளத்தருகே 80 ஏக்கரா? நெப்ராஸ்கா, 1873

1873 வசந்தத்தில் அமெரிக்காவின் நெப்ராஸ்காவுக்குக் குடியேற வரும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கணவன், மனைவி, மூன்று சின்னப் பிள்ளைகள். ஸ்வீடனிலிருந்து கப்பலேறி வந்து, இல்லினாய்ஸில் சில வருடம் பண்ணைக் கூலி பார்த்து 400 டாலர் சேர்த்திருக்கிறார்கள். ஒரு ஜோடி எருது, ஒரு பசு, ஒரு வண்டி. குடியுரிமை கேட்டு முதல் மனுவும் போட்டாயிற்று. கற்பனைக் குடும்பம்தான், ஆனால் இப்படிப்பட்டவர்கள் அந்த நாளில் பிரெய்ரிப் புல்வெளிக்கு நிறையவே வந்தார்கள்.

அமெரிக்கக் குடியேற்றம் என்றாலே 'அரசு 160 ஏக்கர் சும்மா கொடுத்தது' என்ற ஒற்றை வரிதான் நம்மில் பலருக்கு நினைவுக்கு வரும். அந்தச் சட்டம் உண்மைதான். ஆனால் அந்தக் குடும்பம் நிலப் பதிவு அலுவலகத்தின் வாசலில் நின்றபோது அதன் முன்னால் நாலைந்து வழிகள் இருந்தன, ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை இருந்தது. என் கணக்கில் இரண்டு கேள்விகளைக் கேட்டாலே போதும்: ரயில் நிலையம் எத்தனை மைல்? முதல் இரண்டு வருடம் சாப்பிடக் கையில் எவ்வளவு மிஞ்சும்?

முதலில் நிலத்தின் அமைப்பைப் பார்த்துவிடுவோம். அரசு அளவையாளர்கள் நாட்டை ஒரு மைல் சதுரங்களாக வெட்டி வைத்திருந்தார்கள். ஒரு சதுரம் ஒரு செக்‌ஷன், 640 ஏக்கர். முப்பத்தாறு செக்‌ஷன் சேர்ந்தால் ஒரு டவுன்ஷிப். அதில் 16, 36ஆம் எண்கள் பள்ளிக்கூடத்துக்கு ஒதுக்கியவை. ரயில் பாதை போகும் பகுதியில் ஒற்றைப்படை எண் செக்‌ஷன்களை அரசு ரயில்வே கம்பெனிக்கு மானியமாகக் கொடுத்துவிட்டது. இரட்டைப்படை எண்கள் அரசிடம். ஆக, பாதையின் இரண்டு பக்கமும் இருபது மைல் வரை அரசு நிலமும் கம்பெனி நிலமும் சதுரங்கப் பலகை மாதிரி மாறி மாறிக் கிடந்தன.

நம் குடும்பம் பார்க்கும் பாதை பர்லிங்டன் அண்ட் மிசூரி ரிவர் கம்பெனியுடையது. லிங்கன் நகரிலிருந்து மேற்கே போய் 1872ல் கியர்னியில் யூனியன் பசிபிக் பாதையைத் தொட்டது. வழியில் ஸ்டேஷன்களுக்கு அகரவரிசையில் பெயர் வைத்துக்கொண்டே போனார்கள்: கிரீட், டார்ச்செஸ்டர், எக்ஸெட்டர், ஃபேர்மாண்ட், கிராஃப்டன், ஹார்வர்டு, இன்லேண்ட், ஜூனியாட்டா, கெனஸா, லோவல். ஊர் வருவதற்கு முன்பே பெயர்ப்பலகை வந்துவிட்டது என்று சொல்லலாம்.

சரி, வழிகளுக்கு வருவோம்.

ஹோம்ஸ்டெட் நிலம்

160 ஏக்கர் இலவசம் என்று பேசப்படுவது இதைத்தான்: 1862 மே 20 அன்று ஜனாதிபதி லிங்கன் கையெழுத்திட்ட ஹோம்ஸ்டெட் சட்டம். குடும்பத் தலைவராகவோ 21 வயது நிரம்பியவராகவோ இருக்க வேண்டும். குடியுரிமை வேண்டும், அல்லது அதற்கு மனு போட்டிருக்க வேண்டும். நாட்டுக்கு எதிராக ஆயுதம் எடுத்திருக்கக் கூடாது. மணமாகாத பெண்களும் விதவைகளும்கூட மனு போடலாம், அந்தக் காலத்துக்கு இது பெரிய விஷயம். பதிவுக்கு 12 டாலர், கடைசியில் பட்டா வாங்கும்போது 6 டாலர். ஐந்து வருடம் அங்கேயே குடியிருந்து பயிர் செய்து, இரண்டு சாட்சிகளோடு போய் நிரூபித்தால் நிலம் சொந்தம்.

பலரும் கவனிக்காத ஒரு பிரிவு இந்தச் சட்டத்தில் உண்டு. பட்டா கைக்கு வருவதற்கு முன் வாங்கிய எந்தக் கடனுக்காகவும் அந்த நிலத்தை ஜப்தி செய்ய முடியாது. பட்டா வரும்வரை நிலம் அரசுடையது என்பதால் நிலவரியும் கிடையாது. கடைக்காரரிடம் எவ்வளவு பாக்கி வைத்திருந்தாலும் காலுக்குக் கீழே உள்ள மண்ணை யாரும் பிடுங்க முடியாது என்ற நிலை. 160 ஏக்கர் என்ற எண்ணைவிட இந்தப் பாதுகாப்புதான் பெரிய வரம் என்பேன். இதே காரணத்தால் அந்த நிலத்தை அடமானம் வைத்துக் கடன் எழுப்பவும் முடியாது. அவசரப்பட்டவர்கள் ஆறு மாதம் குடியிருந்துவிட்டு ஏக்கருக்கு 1.25 டாலர் கட்டி உடனே பட்டா வாங்கிக்கொள்ளலாம். அப்படி வாங்கியவர்களில் பலர் அடுத்த காரியமாக அடமானக் கடைக்குத்தான் போனார்கள்.

இனி முக்கியமான சிக்கல். ரயில்வே மானிய எல்லைக்குள் இருக்கும் அரசு நிலத்தில் சாதாரணக் குடியேறிக்கு 160 கிடையாது, 80 ஏக்கர்தான். பக்கத்தில் ரயில் வருவதால் நிலத்தின் மதிப்பு இரட்டிப்பு என்பது அரசின் வாதம். உள்நாட்டுப் போரில் வடக்குப் படையில் இருந்த முன்னாள் சிப்பாய்க்கு மட்டும் 1872ல் விலக்குக் கொடுத்தார்கள்: எல்லைக்குள்ளேயே முழு 160, படையில் இருந்த காலத்தையும் ஐந்து வருடத்தில் கழித்துக்கொள்ளலாம். அப்படி ஒருவர் வீட்டில் இருந்தால் மேற்கொண்டு படிக்கத் தேவையில்லை, நேரே போய்ப் பதிந்துவிடலாம். நம் ஸ்வீடன்காரர் போர் முடிந்த பிறகு வந்தவர்.

ஆகவே அவர் முன்னால் இருக்கும் உண்மையான கேள்வி: ஹார்வர்டு ஸ்டேஷனுக்கு ஐந்து மைலில் 80 ஏக்கரா, அல்லது தென்மேற்கே ரிபப்ளிகன் ஆற்றுப் பள்ளத்தாக்கில், ரெட் வில்லோ பக்கம், ரயிலே இல்லாத இடத்தில் 160 ஏக்கரா?

ஐந்து மைலும் ஐம்பது மைலும்

கோதுமை விளைந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். இருபது ஏக்கர், ஏக்கருக்கு 15 புஷல், மொத்தம் 300 புஷல். ஒரு புஷல் கோதுமை 60 பவுண்டு. எருது வண்டியில் 40 புஷல் ஏற்றினாலே 2,400 பவுண்டு. ஆக எட்டு நடை. எருது மணிக்கு இரண்டு மைல் நடக்கும். ஐந்து மைல் என்றால் காலையில் கிளம்பி, கோதுமையை இறக்கி, உப்பும் மண்ணெண்ணெயும் வாங்கிக்கொண்டு பொழுது சாய்வதற்குள் வீடு வந்துவிடலாம். எட்டு நடைக்கு எட்டு நாள்.

ஐம்பது மைல் என்றால் போக மூன்று நாள், வர மூன்று நாள். எட்டு நடைக்கு 48 நாள். நடுவில் ஆறு கடக்க வேண்டும், வெட்டவெளியில் படுக்க வேண்டும், அத்தனை நாளும் மனைவியும் பிள்ளைகளும் அங்கே தனியாக. அறுவடைக்கும் முதல் பனிக்கும் நடுவில் 48 நாளை எங்கிருந்து எடுப்பது? அதனால் தூரத்தில் இருந்தவர்கள் இரண்டு மூன்று நடை அடித்துவிட்டு மிச்சத்தைப் பன்றிக்கும் மாட்டுக்கும் போட்டார்கள். 160 ஏக்கர் காகிதத்தில் இருக்கும், விற்க முடிந்த விளைச்சல் என்னவோ எட்டு ஏக்கருக்குள்தான் இருக்கும். உழைக்கும் ஆள் ஒருவர், ஒரே ஜோடி எருது என்றால் 80 ஏக்கரை உழுது முடிக்கவே வருடங்கள் ஆகும். புல்வேர் பின்னிக் கிடக்கும் கன்னி மண் அது.

ரெட் வில்லோ பக்கம் ரயில் எப்போது வந்தது? 1880களின் தொடக்கத்தில்தான். ஏழு வருடத்துக்குக் குறையாத காத்திருப்பு.

மழையும் இருக்கிறது. ஹார்வர்டு 98ஆவது தீர்க்கரேகைக்குச் சற்று மேற்கே. ரெட் வில்லோ 100ஐத் தாண்டிவிடுகிறது. அந்த நூறாவது ரேகைதான் மானாவாரி விவசாயத்துக்குத் தோராயமான எல்லை. அதற்கு மேற்கே வருடத்துக்கு இருபது அங்குல மழை உறுதியில்லை. மேற்குப் பகுதியை ஆராய்ந்த நில ஆய்வாளர் ஜான் வெஸ்லி பவல் 1878ல் அரசுக்குக் கொடுத்த அறிக்கையில், வறண்ட பகுதியில் 160 ஏக்கரை வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் பிழைக்க முடியாது, மேய்ச்சல் பண்ணை என்றால் 2,560 ஏக்கர் வேண்டும் என்று எழுதினார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 'ஏர் போகும் இடத்துக்கு மழையும் பின்னால் வரும்' என்று பேராசிரியர்களே சொல்லிக்கொண்டிருந்த காலம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இலவசம் என்று பேசப்படும் இந்த நிலம் ஆளில்லாத நிலம் அல்ல. ஹார்வர்டு பக்கத்து மண் 1833 ஒப்பந்தத்தில் பானி என்ற பூர்வகுடி மக்களிடமிருந்து எடுத்தது. ரிபப்ளிகன் பள்ளத்தாக்கில் 1873லும் பானிகளும் இன்னொரு பூர்வகுடியான லகோட்டாக்களும் எருமை வேட்டைக்கு வந்துகொண்டிருந்தார்கள். அந்த ஆகஸ்டில் அங்கேதான் லகோட்டாக்கள் பானி வேட்டைக் கூட்டத்தைத் தாக்கிப் பெண்களும் குழந்தைகளுமாகப் பலரைக் கொன்றார்கள். அடுத்த இரண்டு வருடத்துக்குள் பானிகள் நெப்ராஸ்காவையே விட்டுத் தெற்கே போனார்கள். குடியேறும் குடும்பம் இதை நியாயம் அநியாயம் என்று யோசித்ததோ இல்லையோ, தூரத்து நிலத்தைத் தேர்ந்தால் இந்தக் கொந்தளிப்பின் நடுவில்தான் போய் இறங்குகிறது.

ரயில்வே கம்பெனி நிலம்

பர்லிங்டன் கம்பெனி 1872லிருந்து ஒட்டிய விளம்பரங்கள் பிரசித்தம்: பத்து வருடக் கடன், 6 சதவீத வட்டி. முதல் சில வருடம் வட்டி மட்டும், அசலை நான்காம் வருடத்திலிருந்து ஏழு தவணையாகக் கட்டலாம். நிலம் பார்க்க வருபவரின் பயணச் சீட்டுக் காசைக்கூட, வாங்கினால் முதல் வட்டியில் கழித்துக்கொண்டார்கள். கம்பெனிக்கு நிலம் விற்கும் லாபத்தைவிட, குடியேறி உட்கார்ந்து வருடாவருடம் தானியம் ஏற்றி அனுப்பும் ஆள் முக்கியம்.

கணக்குப் போடுவோம். இடத்தைப் பொறுத்து விலை மாறும், ஒரு பேச்சுக்கு ஏக்கர் 6 டாலர் என்போம். 160 ஏக்கர் 960 டாலர். ஆரம்ப வருடங்களில் வட்டி 57 டாலர் 60 செண்ட். அப்புறம் தவணை தொடங்கியதும் அசலே வருடத்துக்கு 137 டாலர், மேலே வட்டி. கையில் 400 டாலர் வைத்திருக்கும் குடும்பத்துக்கு முதல் மூன்று வருடம் மூச்சுவிட முடியும், நான்காம் வருடம் தொண்டையை நெரிக்கும். அதற்குள் விளைச்சலும் விலையும் ஒத்துழைத்தால் தப்பிக்கலாம்.

யாருக்கு இது சரி? சேர்ந்து வருபவர்களுக்கு, கையில் காசு உள்ளவர்களுக்கு. 1874ல் ரஷ்யாவிலிருந்து வந்த மெனோனைட் என்ற கிறிஸ்தவப் பிரிவுக் குடும்பங்கள் யார்க், ஹாமில்டன் கவுண்டிகளில், இன்றைய ஹெண்டர்சன் பகுதியில், இந்தக் கம்பெனியிடம்தான் நிலம் வாங்கின. வந்து இறங்குபவர்கள் தங்க ஒரு பெரிய கொட்டகையையும் கம்பெனியே கட்டிக்கொடுத்தது. அவர்களுக்கு வேண்டியது ஒருவர் பக்கத்தில் ஒருவராகக் குடியிருக்கத் தோதான நிலம். ஹோம்ஸ்டெட் நிலம் எது காலியோ அங்கங்கே சிதறித்தான் கிடைக்கும், கம்பெனியிடம் பேரம் பேசிச் சேர்த்து வாங்கலாம். சும்மா கிடைப்பதை விட்டுக் காசு கொடுத்தவர்கள் ஏமாளிகள் இல்லை.

முன்னுரிமைக் கிரயமும் மரம் நடும் நிலமும்

1841 சட்டப்படி முதலில் குடியேறி உட்கார்ந்தவர் ஏக்கருக்கு 1.25 டாலருக்கு 160 ஏக்கர் வரை வாங்கலாம். மானிய எல்லைக்குள் என்றால் 2.50. அதாவது 400 டாலர், நம் குடும்பத்தின் மொத்தக் கைமுதல். நிலத்தை வாங்கிவிட்டு விதைக்கு எங்கே போவது? பணம் கட்டக் கெடு இருக்கிறது, கெடு நெருங்கும்போது உள்ளூரில் பத்து பன்னிரண்டு சதவீதத்துக்குக் கடன் வாங்கிக் கட்டுவார்கள். இந்த வழி நமக்கு வேண்டாம்.

மரம் நடும் சட்டம் அப்போதுதான், 1873 மார்ச் 3 அன்று வந்தது. குடியிருக்கத் தேவையில்லை. 160 ஏக்கரில் 40 ஏக்கரில் பன்னிரண்டு அடிக்கு ஒரு மரம் வைத்துப் பத்து வருடம் காப்பாற்ற வேண்டும். கூட்டிப் பாருங்கள்: ஏக்கருக்கு 300 மரத்துக்கு மேல், மொத்தம் 12,000 தாண்டுகிறது. மரமே இல்லை என்பதற்காகக் கொடுக்கும் நிலத்தில் 12,000 மரம்! வறட்சி, காட்டுத்தீ, மாடு எல்லாவற்றையும் தாண்டி அவை நிற்க வேண்டும். 1878ல் பத்து ஏக்கர் போதும் என்று குறைத்தார்கள், அதற்கு முன் இதைச் சொந்த வீட்டுக்கான நிலமாக நினைப்பது கனவு. மேய்ச்சலுக்கு ஒரு துண்டைப் பிடித்து வைக்க வேண்டுமானால் உதவும்.

இது போக, ஏற்கெனவே பதிந்தவர் ஊரைவிட்டுப் போகும்போது அவரிடம் காசு கொடுத்து உரிமையைக் கைமாற்றிக்கொள்ளும் பழக்கமும் இருந்தது. கிணறு வெட்டியிருந்து, பத்துப் பதினைந்து ஏக்கர் உழுதும் கிடந்தால் நல்ல பேரம். அவர் ஏன் போகிறார் என்று மட்டும் விசாரித்துவிட வேண்டும்.

1874 வைத்த பரீட்சை

காகிதக் கணக்கைக் காலம் சோதித்துவிட்டது. 1873 செப்டம்பரில் நிதி நெருக்கடி. 1874 கோடையில் ராக்கி மலை வெட்டுக்கிளி. மேகம் போல இறங்கிச் சோளத்தைத் தண்டோடு தின்றது. வெங்காயத்தைத் தரைக்குள் குழிபறித்துத் தின்றது, வியர்வை ஊறிய கருவிப் பிடிகளைக்கூடக் கொறித்தது. நெப்ராஸ்கா முழுவதும் அடிதான், ஆனால் பட்டினி கடுமையாகத் தாக்கியது ரெட் வில்லோ போன்ற மேற்கு விளிம்பில். அங்கிருந்தவர்கள் புதிதாக வந்தவர்கள், முதல் விளைச்சலே போனது, உதவி வர ரயில் இல்லை. அந்தக் குளிர்காலத்தில் ராணுவத்தின் பழைய கோட்டுகளும் பூட்ஸுகளும் குடியேறிகளுக்கு வழங்கப்பட்டன. தண்டவாளத்தருகே இருந்தவர்களுக்கு நிவாரண மூட்டை ஸ்டேஷனிலேயே வந்து இறங்கியது.

ஹோம்ஸ்டெட்காரருக்கு ஒரு சலுகையும் கிடைத்தது: பயிர் அழிந்தவர்கள் நிலத்தை விட்டுக் கொஞ்ச காலம் வெளியே போய்க் கூலி வேலை பார்த்தாலும் உரிமை போகாது என்று 1874 டிசம்பரில் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் சட்டம் போட்டது. ரயில்வே நிலத்தில் வட்டி ஓடிக்கொண்டிருந்தவருக்கு அப்படிச் சட்டத்தின் கவசம் இல்லை, கம்பெனியின் தயவைத்தான் நம்பியிருக்க வேண்டும்.

என் தேர்வு

ஹார்வர்டு பக்கம் 80 ஏக்கர் ஹோம்ஸ்டெட். முடிந்தால் பக்கத்துச் செக்‌ஷன் கம்பெனி நிலமாக இருக்கும் எல்லையோரத் துண்டாகப் பார்த்துப் பிடிக்க வேண்டும். இரண்டு மூன்று அறுவடை பார்த்துவிட்டு அந்தப் பக்கத்தில் 40 அல்லது 80 ஏக்கரைத் தவணையில் சேர்த்துக்கொள்ளலாம். அதுவரை காலியாகக் கிடக்கும் கம்பெனிப் புல்லில் பசுவும் எருதும் மேயும். யாரும் கேட்க மாட்டார்கள். 1879ல் அந்த 80 ஏக்கர் வரம்பை அரசு நீக்கி, முன்பு குறைவாக வாங்கியவர்கள் ஒட்டிய நிலம் காலியாக இருந்தால் இன்னொரு 80ஐப் பதியவும் விட்டது. 1873ல் இது யாருக்கும் தெரியாது, ஆகவே இதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

400 டாலரில் பெரும்பகுதி கையில் நிற்க வேண்டும். அதற்காகப் பலகை வீட்டு ஆசையை ஒத்திப்போட வேண்டும். வடக்கு லூப் ஆற்றோரத்தில் 1872ல் பதினான்கு அடிச் சதுரத்தில் மேட்டைக் குடைந்து அமைத்த வீடு ஒன்றின் செலவுப் பட்டியல் நமக்குக் கிடைத்திருக்கிறது: ஒரு ஜன்னல் 1.25 டாலர், வாசல் கதவுக்குப் பலகை 54 செண்ட், தாழ்ப்பாளும் கீலும் 50 செண்ட், கூரை வழியே போகும் புகைக்குழாய் 30 செண்ட், மூன்று பவுண்டு ஆணி பத்தொன்பதரை செண்ட். மொத்தம் 2 டாலர் எழுபத்தெட்டரை செண்ட். குடைய மேடு இல்லாத சமவெளி என்றால் புல்லோடு பெயர்த்த மண்கட்டிகளைப் புல் பக்கம் கீழே இருக்கும்படி அடுக்கிச் சுவர் எழுப்ப வேண்டும். பதினாறுக்கு இருபது அடி வீட்டுக்கு அரை ஏக்கர் புல்மண் போகும். சுவர் இரண்டு மூன்று அடி தடிமன். கோடையில் குளிர்ச்சி, குளிரில் வெதுவெதுப்பு. கூரை என்னவோ மழை நின்ற பிறகும் இரண்டு நாள் ஒழுகும், அடுப்புக்கு மேலே குடை பிடித்துக்கொண்டு சமைத்த பெண்கள் உண்டு. அந்த அரை ஏக்கர் மேல்மண்ணை இழக்கிறோமே என்று வருந்துபவர்கள், வீட்டை எந்த மூலையில் கட்டுவது என்பதை மண்வெட்டியை எடுப்பதற்கு முன்பே தீர்மானித்துக்கொள்ள வேண்டும்.

எருதைக் கொடுத்துக் குதிரை வாங்கும் யோசனை வந்தால் விட்டுவிடலாம். குதிரைக்குத் தானியம் வேண்டும். எருது புல்லைத் தின்றே கன்னி மண்ணை உழும்.

கணவனுக்கோ மனைவிக்கோ 21 வயது தாண்டிய தம்பியோ மணமாகாத தங்கையோ கூட வந்திருந்தால் கணக்கு இன்னும் நன்றாகிறது. ஒரே கால் செக்‌ஷனை இரண்டாகப் பிரித்து ஆளுக்கு 80 பதியலாம். இருவருக்கும் அவரவர் நிலத்தில் குடியிருக்க வேண்டிய கட்டாயம் உண்டே என்றால், அதற்கும் அன்றைக்கே வழி கண்டுபிடித்திருந்தார்கள்: வீட்டை எல்லைக்கோட்டின் மேலேயே கட்டி, ஒருவர் படுக்கை இந்தப் பக்கம், இன்னொருவர் படுக்கை அந்தப் பக்கம்.